முடிவைச் சொல்லாமல் ஒரு தொடரைப் பற்றிப் பேசுவது எப்படி?

அண்மையில் பார்த்த படத்தையோ தொடரையோ பற்றிப் பிறரிடம் பேசும்போது, "நன்றாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தினால் கேட்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. கதை முழுவதையும் சொல்லிவிட்டாலோ அவர் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. கதை எந்த ஊரில், எந்தச் சூழலில் நடக்கிறது என்பதையும் தொடக்கத்தில் எழும் கேள்வியையும் மட்டும் சொல்லி, விடையைத் தொடாமல் விடுவதே எளிய வழி.

எடுத்துக்காட்டாக, புஷ்கர்–காயத்ரி உருவாக்கி 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வெளியான 'சுழல்' தொடரைப் பற்றிப் பேசுவோர், ஒரு சிற்றூரில் சிமென்ட் ஆலை தீப்பற்றும் இரவில் ஒரு மாணவி காணாமல் போகிறாள் என்பதையும், மயானக் கொள்ளைத் திருவிழா நாள்களின் ஊடே விசாரணை நகர்கிறது என்பதையும் தயங்காமல் சொல்லலாம். அதன் முதல் பருவத்தின் 8 அத்தியாயங்களைப் பிரம்மா, அனுசரண் என இருவர் பகிர்ந்து இயக்கியிருப்பதால், நடையில் மாற்றம் தெரிந்ததா என்று விவாதிக்கவும் இடமுண்டு. குற்றவாளியைப் பற்றி மட்டும் மூச்சுவிடக் கூடாது.

"கடைசியில் பெரிய திருப்பம் இருக்கிறது" என்பதும் பாதிக் கதையைச் சொன்னதற்குச் சமமே. அதைக் கேட்டவர் அதன் பிறகு கதையைப் பார்ப்பதில்லை, திருப்பத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பார். (இந்தத் தவற்றைச் செய்து வீட்டில் திட்டு வாங்கிய அனுபவம் எனக்குண்டு.)

எத்தனை அத்தியாயங்கள் வரை பார்த்தீர்கள், மூல மொழியில் பார்த்தீர்களா மொழிமாற்றத்திலா, குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்கலாமா என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால், ஐந்துக்கு மூன்றரை என்று மதிப்பெண் போடுவதைவிட அது கேட்பவருக்குப் பயன்படும்.