இடுக்கிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: தோட்டத்தில் ஃப்ரேம் பூல் வைப்பதும் அதைச் சூடாக்குவதும்

கம்பம், தேனி வெயிலில் ஃப்ரேம் பூல் (இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஷீட்டை மாட்டித் தண்ணீர் நிரப்பும் குளியல் தொட்டி) வாங்கிப் பழகியவர்களுக்கு அதைச் சூடாக்க வேண்டும் என்ற யோசனையே வராது. எல்லை தாண்டி மேலே ஏறிவிட்டால் கணக்கு மாறுகிறது. குமுளி சுமார் 900 மீட்டர் உயரம், மூணாறு 1,500 மீட்டருக்கு மேல். இங்கே பூலுக்குக் கொடுக்கும் பணம் ஒரு முறைதான். தண்ணீரைக் குளிக்கிற சூட்டில் வைத்திருக்க ஆகும் செலவுதான் மாதாமாதம் வரும். அதனால் எந்த அளவு பூல் என்பதை முற்றத்தின் அகலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கரண்ட் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

அந்தக் கணக்கு எளிது. 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) வெப்பம் வேண்டும். குழாய்த் தண்ணீர் 19 டிகிரி என்றும், பிள்ளைகள் நடுங்காமல் விளையாட 28 டிகிரி வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் செவ்வகப் பூல் (சுமார் 3,800 லிட்டர்) என்றால் 40 யூனிட். 12 அடி வட்டம், 30 அங்குல உயரம் (சுமார் 6,500 லிட்டர்) என்றால் 68 யூனிட். 15 அடி வட்டம், 48 அங்குல உயரம் (சுமார் 16,800 லிட்டர்) என்றால் 175 யூனிட். இது முதல் சூடேற்றத்துக்கு மட்டும், இரவில் இழப்பது தனி. பட்ஜெட்டில் முடிக்க நினைப்பவர்கள் 12 அடிக்கு மேலே போகவே வேண்டாம்.

மேல் விளிம்பில் காற்றடிக்கும் வகை மலிவுதான். ஆனால் சமமில்லாத மலைத் தரையில் அதன் சுவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரும்புக் குழாய் ஃப்ரேம் உள்ளதையே வாங்குங்கள். இன்டெக்ஸ், பெஸ்ட்வே இரண்டு கம்பெனி பூலுமே ஆன்லைனில் கிடைக்கின்றன. மதுரையிலோ கம்பத்திலோ வாங்கி வண்டியில் ஏற்றி வருபவர்களுக்கு 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு செக்போஸ்ட்டில் வரி கிடையாது. இருந்தாலும் பில்லைக் கையில் வைத்திருங்கள், வண்டியைச் சோதிப்பது நிற்கவில்லை. பெட்டியைப் பிரித்ததும் மூன்றைப் பாருங்கள்: டி வடிவ மூட்டுகள் எண்ணிக்கை சரியா, பின்கள் எல்லாம் இருக்கின்றனவா, பம்ப் மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும். மணிக்கு 1,250 லிட்டர் பம்ப் சின்னப் பூலுக்குப் போதும். எலக்ட்ரிக் ஹீட்டர் போடுவதாக இருந்தால் 2,000 லிட்டர் பம்ப் வேண்டும். ஓட்டம் குறைந்தால் ஹீட்டரின் சென்சார் அதை ஆன் ஆகவே விடாது.

எங்கே வைப்பது

மொட்டைமாடி வேண்டாம். வீட்டு மாடி பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பாரத்துக்குத்தான் கணக்குப் போட்டுக் கட்டப்படுகிறது. 70 செ.மீ. தண்ணீரே 700 கிலோ.

இந்த மலையில் அதைவிட அதிகம் பேர் கவனிக்காதது கையாலை, அதாவது மண் சரியாமல் இருக்கச் சரிவில் கட்டும் தடுப்புச் சுவர். மண்ணை வெட்டிச் சமப்படுத்திய இடத்தின் வெளி விளிம்பு பெரும்பாலும் நிரப்பிய மண், மழையில் ஊறினால் இளகும். அதன் மேல் ஆறரை டன்னை வைத்தால் கையாலையோடு சேர்ந்து கீழ் வீட்டுக்காரர் முற்றத்தில் போய் நிற்கும். கையாலையின் உயரம் எவ்வளவோ அதற்கு ஒன்றரை மடங்கு தூரம் உள்ளே தள்ளி, வெட்டுமண் பக்கமாக வையுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் இடத்தைக் காட்டியே கேட்டுவிடுங்கள்.

காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை வெயில் விழும் இடம் வேண்டும். மதியத்துக்கு மேல் மேகம் மூடும் ஊர்களில் காலை வெயில்தான் கணக்கில் வரும். காற்று நேராக அடிக்கும் மேட்டில் வைத்தால் எவ்வளவு சூடாக்கினாலும் நிற்காது. ஒரு பக்கம் பச்சை வலையோ வேலியோ மறைப்பாக இருக்கட்டும். சின்னக்கனால் பக்கம் குடியேறியவர்கள் யானையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தாங்கும் மாடல் எந்தக் கம்பெனியிலும் இல்லை.

தரை

12 அடி பூலுக்கு 14 அடி வட்டம் குறியுங்கள். புல்லை வேரோடு எடுக்க வேண்டும். கோரைக்கிழங்கு ஒன்று மண்ணுக்குள் தங்கினாலும் அதன் முளை ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வரும், மேலே விரிக்கும் தார்ப்பாய் அதைத் தடுக்காது. பள்ளமான பக்கத்தை நிரப்பாதீர்கள், மேடான பக்கத்தை வெட்டுங்கள். நிரப்பிய மண் தண்ணீர் பாரத்தில் அமுங்கும். வட்டம் முழுவதற்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது. டியூப் லெவலில் பாருங்கள், கொத்தனார் யாரிடமும் இருக்கும்.

மேலே இரண்டு அங்குலம் பாறைப்பொடி, 25 கன அடி போதும். நனைத்து இடித்து விடுங்கள். ஃப்ரேம் கால்கள் நிற்கும் இடங்களில் மட்டும் ஒரு அடிச் சதுரக் கான்கிரீட் பலகையைத் தரை மட்டத்துக்குப் புதைத்து வையுங்கள், இல்லாவிட்டால் மழைக்குப் பிறகு ஒரு கால் மட்டும் இறங்கிப் பூல் கோணும். தரைக்கு மேல் 25 மி.மீ. கெட்டித் தெர்மாகோல், அதற்கு மேல் தார்ப்பாய், அதற்கு மேல் பூல். தெர்மாகோலைக் கால்களுக்கு அடியில் போடாதீர்கள், நசுங்கிவிடும்.

ஒரு அங்குலம் தண்ணீர் வந்ததும் நிறுத்தி, உள்ளே இறங்கிச் சுருக்கங்களைக் காலால் வெளிப்பக்கம் தள்ளுங்கள். அரை அடி வந்ததும் சுற்றிலும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் சோம்பல்படாமல் வடித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நிறைந்த பிறகு திருத்தவே முடியாது.

தண்ணீர்

மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, ஆனால் கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கும். பிஎச் (அமில, கார அளவு) 7.2-லிருந்து 7.6 வரை வேண்டும், குறைந்தால் ஆப்பசோடா ஏற்றிவிடும். குளோரின் 1-லிருந்து 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). கிணற்றுக்குப் போடும் ப்ளீச்சிங் பவுடரே போதும்: பிரித்த புதுப் பொடி 1,000 லிட்டருக்கு 5 கிராம் போட்டால் ஒன்றரை பிபிஎம் வரும். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் மாலையில் ஊற்றுங்கள். காலையில் ஊற்றினால் வெயில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இங்குள்ள ஈரக்காற்றில் திறந்த பொடி சீக்கிரம் வீரியம் இழக்கும், சோதனை ஸ்ட்ரிப் இல்லாமல் அளவை நம்பாதீர்கள். கடையில் விற்கும் பூல் மாத்திரையையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில் கூடக் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கும்.

தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் பட்டதும் டீ நிறமாகும். பயப்பட வேண்டாம், ஃபில்டரை நிறுத்தாமல் ஓட்டி, கார்ட்ரிட்ஜைத் தினமும் கழுவினால் தெளியும்.

சூடாக்கும் முன்

ஹீட்டருக்கு முன்னால் மூடி வாங்குங்கள். திறந்த பூல் வெப்பத்தை இழப்பது பெரும்பாலும் ஆவியாதலில்தான். ஒரு லிட்டர் ஆவியானால் 0.67 யூனிட் வெப்பம் போகிறது. 12 அடிப் பூலில் ஒரு நாளில் 3 மி.மீ. மட்டம் குறைந்தால் 31 லிட்டர், அதாவது 21 யூனிட், கிட்டத்தட்ட மூன்று டிகிரி. குமிழி உள்ள சோலார் கவரைக் குமிழி தண்ணீரைத் தொடும்படி, விளிம்பில் இடைவெளி இல்லாமல் வெட்டி மிதக்க விடுங்கள். கூடவே வரும் நீலத் தார்ப்பாய் ஃப்ரேம் மேல் நிற்கும், தண்ணீரைத் தொடாது. அது இலை விழாமல் காக்கும், சூட்டை அந்த அளவுக்குக் காக்காது. சின்னப் பூலும், நல்ல வெயிலும், சோலார் கவரும் இருந்தால் மறையூர் மாதிரி மழை குறைந்த இடத்தில் மார்ச், ஏப்ரலில் ஹீட்டரே தேவைப்படாமல் போகலாம்.

அடுத்து, ஏலத்தோட்டத்துக்குத் தண்ணீர் போகும் கறுப்பு ஹோஸ். ஒரு அங்குல ஹோஸ் 100 மீட்டர் ரோலை வெயிலில் தட்டையாக விரித்தால் இரண்டரைச் சதுர மீட்டர் வெயில் பிடிக்கும். நல்ல வெயில் நாளில் ஏழு யூனிட் சொச்சம், 6,500 லிட்டருக்கு ஒரு டிகிரி. சின்னச் செவ்வகப் பூலுக்கு ஒன்றே முக்கால். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இன்னும் வேண்டுமென்றால் இன்னொரு ரோல்தான். 100 மீட்டரையும் ஒரே ஓட்டமாக இணைத்தால் பம்ப் திணறும். நான்காக வெட்டி, இரண்டு பக்கமும் டி போட்டு இணையாக இணையுங்கள். கூரை மேல் ஏற்றாதீர்கள், பூலோடு வரும் பம்ப் இரண்டு மீட்டர் ஏற்றவே கஷ்டப்படும்.

திரும்பி வரும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று கழற்றிப் போடுபவர்கள் உண்டு. மணிக்கு ஆயிரம் லிட்டர் ஓடும்போது உச்சி வெயிலிலும் ஒன்று, ஒன்றரை டிகிரிதான் கூடுதலாக வரும், அதுதான் சரி. கொதிக்கக் கொதிக்க வந்தால் ஓட்டம் குறைவு என்று அர்த்தம், அப்போது ஹோஸே வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடும். காலை 10 முதல் 3 வரை மட்டும் டைமரில் ஓட்டுங்கள். இரவில் ஓடினால் அதே ஹோஸ் பூலைக் குளிரவைக்கும்.

எலக்ட்ரிக் ஹீட்டர்

3 கிலோவாட் ஹீட்டர் 12 அடிப் பூலை மணிக்கு 0.4 டிகிரி ஏற்றும். ஒன்பது டிகிரிக்கு இழப்பில்லாமலே 23 மணி நேரம். இங்கே கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) பில்லைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கிடைத்த 100 யூனிட் இலவசம் இங்கே இல்லை. மாதச் சராசரி 250 யூனிட் வரை படிப்படியான ரேட். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, மொத்தத்துக்கும் உயர்ந்த ரேட். மூடாத பூலை இரவுக்கு இரண்டு டிகிரி இழக்கவிட்டு ஹீட்டரில் ஈடுகட்டினால் தினம் 15 யூனிட், மாதம் 450. வீட்டுச் செலவு அதற்கு மேல். இதனால்தான் ஹீட்டரை வார இறுதிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

வருடத்தில் பல மாதம் பயன்படுத்தப் போகிறவர்களுக்கும் ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கும் ஹீட் பம்ப் கட்டுப்படியாகும். ஒரு யூனிட் கரண்டில் நான்கு யூனிட் வெப்பம் தரும். அதே 68 யூனிட் வேலை 17-ல் முடியும். விலை பூலைவிடப் பல மடங்கு. காற்று குளிர்ந்தால் திறன் குறையும் என்பதால் அதையும் நடுப்பகலில் ஓட்டுங்கள். கேஸ் கீசரை இணைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், குளோரின் தண்ணீர் அதன் செம்புக் குழாயை அரித்துவிடும்.

பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடைப் பூலில் தொங்கவிடவே கூடாது. 1,500 வாட் ராடு மணிக்கு 0.2 டிகிரிதான் ஏற்றும், ஆனால் ஷாக் அடித்தால் உள்ளே இருப்பவர் பிழைக்கமாட்டார். பம்ப், ஹீட்டர் எல்லாம் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகத்தான் போக வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். 3 கிலோவாட்டுக்கு 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன், சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. பம்ப் பூலிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, மழை படாத மேடையில், ஆனால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. மேலே வைத்தால் காற்று பிடித்து ஓடாது. ஆட்கள் இறங்கும்போது பம்பையும் ஹீட்டரையும் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது. குளித்து முடித்ததும் ஏணியை எடுத்துவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம்.

பாலக்காட்டுப் பக்கம், சித்தூர், கொழிஞ்சாம்பாறையில் குடியேறியவர்களுக்கு மேலே சொன்ன சூடாக்கும் கதை தேவையில்லை. கோடையில் தண்ணீர் தானே வெந்நீராகும், அங்கே வேண்டியது நிழல் வலை. போர் தண்ணீர் கடினமானதால் வெள்ளைப் படிவு வரும். கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர் மட்டம் வேகமாக இறங்கும், அதனால் அங்கேயும் கவர் தேவை.

மழைக்கு முன்

ஜூனில் தென்மேற்கு மழை இறங்குவதற்குள் பூலைக் கழற்றிவிடுங்கள். பராமரிக்காமல் நிற்கும் தண்ணீர் ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு கொசுவை வளர்த்துவிடும். ஆஷா பணியாளர்கள் (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள்) வீடு வீடாக வந்து பார்ப்பார்கள், 2023-ன் கேரளப் பொது சுகாதாரச் சட்டத்தில் இதற்கு அபராதமும் உண்டு. வடிப்பதற்கு மூன்று நாள் முன்பே குளோரின் போடுவதை நிறுத்தி, கவரை எடுத்து வெயில் படவிடுங்கள். ஸ்ட்ரிப்பில் பூஜ்யம் காட்டிய பிறகு ஹோஸ் வழியாக மெதுவாக, பல இடங்களில் விடுங்கள். ஓடையிலோ ஏலச்செடி மூட்டிலோ கொட்டாதீர்கள். கையாலைப் பக்கம் ஒரே இடத்தில் ஆறாயிரம் லிட்டர் இறங்கினால் மண் சரியும்.

ஷீட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு பக்கமும் முழுக்கக் காயவைத்து, டால்கம் பவுடர் தூவி மடியுங்கள். இரும்பு மூட்டுகளில் துரு தொடங்கிய இடத்தைத் தேய்த்து பிரைமர் அடியுங்கள். சாக்கில் கட்டி ஸ்டோர் ரூமில் போட்டால் எலி கடித்துவிடும். மூடி உள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து, பின்களையும் வாஷர்களையும் தனிப் பையில் போட்டு அதே டிரம்முக்குள் வையுங்கள்.