ஞானப்பெற்றோரைத் தேடினேன், மூதாதையின் ஊர் கிடைத்தது

என் கணவரின் குடும்பம் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் கவுண்டியில் குடியேறிய ஜெர்மானியக் குடும்பம். முதலில் வந்தவர் எந்த ஊர்க்காரர் என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள், 16 வயது ஆகியிருந்தால், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாச உறுதிமொழி கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சொந்த ஊர் கிடைக்காது. எங்கள் ஆள் பெயரிலோ பலர்.

வழி திறந்தது லூத்தரன் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில். அவருடைய பிள்ளைகளுக்கு ஒரே தம்பதி திரும்பத் திரும்ப ஞானப்பெற்றோராக, அதாவது ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்களாக, நின்றிருந்தார்கள். அந்தப் பொறுப்பு பெரும்பாலும் உறவினருக்கோ நெருங்கியவருக்கோதான் போகும். அந்த ஞானத்தகப்பனின் குடும்பப் பெயர் அபூர்வமானது. அதை வைத்துத் தேடினால், ஒரு கப்பல் பட்டியலில் அவருக்கு அடுத்த வரியிலேயே எங்கள் ஆள்! கேப்டன் கொடுத்த பட்டியலில் பெயர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருந்தது. உறுதிமொழித் தாளில் எங்கள் ஆளே கையெழுத்துப் போட்டிருந்தார். அவருடைய உயிலோடு ஒப்பிட்டேன்: அதே பழைய ஜெர்மன் எழுத்து, கடைசி எழுத்தில் கீழே இழுத்த அதே நீண்ட வால்.

அப்புறம் அந்த அபூர்வப் பெயர் வரும், ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதிக் கிராமங்களின் சபைப் பதிவேடுகளைப் புரட்டினேன். 'யோஹான்' பலருக்கும் முன்னால் ஒட்டும் பெயர் என்பதால், இரண்டாவது பெயரைத்தான் பார்த்தேன். ஒரு கிராமத்தில் எங்கள் ஆளின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. அமெரிக்காவில் ஞானத்தாயாக நின்றவர் அவருடைய சொந்த அக்கா.