பெட்டியின் பெரிய எண்ணும் பின்பக்கத்துப் பொடி எழுத்தும்: கருவிகள் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் யாராவது பவர் பேங்க், இன்வெர்ட்டர், ஸ்மார்ட்போன் என்று எதையேனும் வாங்கினால், அதன் அட்டைப் பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போவதற்கு முன் ஒரு முறை என் கைக்கு வந்துவிடும். வாங்குவதற்கு முன் கேட்பவர்கள் குறைவு. வாங்கிய பிறகு "சொன்னபடி இல்லையே" என்று வருபவர்களே அதிகம். அப்படி வந்த பெட்டிகளைப் படித்துப் பார்த்ததில் எனக்குப் புலப்பட்டது, அவற்றில் பெரும்பாலானவை பொய் சொல்வதில்லை என்பதுதான். முன்பக்கத்தில் ஓர் எண் பெரிதாக இருக்கும். அது எந்த நிபந்தனையில் உண்மை என்பது பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் இருக்கும். நாம் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறோம். கீழே சொல்லப்போகும் தவறுகள் வெவ்வேறு பொருள்களைப் பற்றியவை என்றாலும், எல்லாவற்றுக்கும் வேர் இந்தப் பழக்கமே.

பவர் பேங்க்கிலிருந்து தொடங்குகிறேன். எதிர்வீட்டு அத்தை 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்த ஒன்றை வாங்கி, தன் கைப்பேசியின் பேட்டரி 5,000 என்பதால் நான்கு முறை முழுதாகச் சார்ஜ் ஏறும் என்று கணக்கிட்டிருந்தார். மூன்றாவது முறையே முழுதாக ஏறாதபோது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக வருந்தினார். கடைக்காரர் மீது தவறில்லை. அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்களின் 3.7 வோல்ட் அழுத்தத்தில் சொல்லப்பட்ட அளவு. வோல்ட்டால் பெருக்கினால் கிடைக்கும் ஆற்றல் கணக்கில் அது 74 வாட்-மணி. யூ.எஸ்.பி. வழியே வெளியே வருவது குறைந்தது 5 வோல்ட் என்பதால், அதே ஆற்றல் அங்கே 14,800 மில்லி ஆம்பியர் மணியாகச் சுருங்கிவிடுகிறது. அழுத்தத்தை உயர்த்தும் சுற்றில் ஒரு பங்கும், கைப்பேசி தன் பேட்டரிக்குள் வாங்கிக்கொள்ளும்போது இன்னொரு பங்கும் வெப்பமாகப் போகின்றன. மிஞ்சுவது மூன்று முறைக்குச் சற்றுக் குறைவு. பின்பக்கத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி', அதாவது வெளியே உண்மையில் கிடைக்கும் அளவு, என்று 12,000 சொச்சம் அச்சிட்டிருந்ததை அத்தைக்குக் காட்டினேன். அவருக்கு ஆறுதல் வந்ததா தெரியவில்லை.

இரண்டு பவர் பேங்க்குகளை ஒப்பிடும்போது ஆம்பியர் மணியை விட்டுவிட்டு வாட்-மணியைப் பார்ப்பதே சரி. விமான நிலையத்திலும் அந்த எண்தான் செல்லுபடியாகும். கைப்பையில் 100 வாட்-மணி வரை தனி அனுமதியின்றிக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். செக்-இன் பெட்டியில் எந்த அளவிலும் வைக்கக் கூடாது. 30,000 என்று போட்ட பவர் பேங்க் 111 வாட்-மணி என்பதை, கெம்பேகவுடா விமான நிலையத்தின் வரிசையில் நின்றுகொண்டு கண்டறிவதைவிட வீட்டிலேயே பெருக்கிப் பார்ப்பது நல்லது.

சார்ஜரிலும் இதே கதைதான். 100 வாட் என்று எழுதிய சார்ஜர் எல்லாக் கருவிக்கும் 100 வாட் கொடுக்காது. சார்ஜரும் கருவியும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று தமக்குள் பேசி முடிவு செய்த பிறகே மின்சாரம் பாயும். கைப்பேசி நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லும் 80, 120 வாட் வேகங்கள் பலவும் அவற்றின் சொந்த முறையில் இயங்குபவை. வேறொரு சார்ஜரைச் செருகினால் வேகம் பாதிக்கும் கீழே இறங்கலாம். மூன்றாவதாகக் கம்பியும் இந்தப் பேச்சில் ஓர் ஆள். சாதாரண டைப்-சி கம்பி 3 ஆம்பியர் வரைதான் தாங்கும், ஆகவே 60 வாட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் 5 ஆம்பியர் போக, கம்பியின் முனைக்குள் தன் தகுதியை அறிவிக்கும் ஒரு சிறு சில்லு இருக்க வேண்டும். மடிக்கணினி மெதுவாக ஏறுகிறது என்று சார்ஜரை மாற்றியவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேருக்காவது கம்பியை மாற்றியிருந்தால் போதுமாயிருந்திருக்கும் என்பது என் அனுமானம்.

எண் உண்மையிலேயே பொய்யாக இருக்கும் இடமும் ஒன்று உண்டு: மலிவு விலைப் பென் டிரைவும் மெமரி கார்டும். சில ஆண்டுகளுக்கு முன் நடைபாதைக் கடை ஒன்றில் 2 டெராபைட் என்று எழுதிய பென் டிரைவை, நம்ப முடியாத விலைக்கு, நம்பாமலே வாங்கினேன். கணினியில் செருகியதும் 2 டெராபைட் என்றே காட்டியது. என் தங்கையின் வளைகாப்புப் படங்களை அதில் பதிந்து வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது முதல் சில கோப்புறைகள் மட்டும் நன்றாக இருந்தன. மற்றவற்றில் கோப்பின் பெயர் இருந்தது, உள்ளே படம் இல்லை. உள்ளிருக்கும் நினைவகம் 32 ஜி.பி.யாக இருந்தாலும், கட்டுப்படுத்தும் சில்லை 2 டெராபைட் என்று சொல்லுமாறு மாற்றி எழுதிவிட முடியும். இடம் தீர்ந்த பிறகு வருவதையெல்லாம் அது வாங்கிக்கொள்வதுபோல் நடித்துவிட்டுத் தொலைத்துவிடும். கணினி காட்டும் கொள்ளளவு இங்கே சான்றாகாது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் கடைசி பைட் வரை எழுதிப் பார்த்து, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். இரவு தூங்கப் போகும்போது ஓடவிட்டால் காலையில் உண்மை தெரிந்துவிடும். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போன்ற இடங்களில் பில்லோடு வாங்கினாலும் நான் இதைச் செய்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறேன்.

இதற்கு நேர்மாறாக, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் கணினியில் 931 ஜி.பி. என்று காட்டுவதை ஏமாற்று என்று நினைப்பதும் தவறு. தயாரிப்பாளர் ஆயிரங்களால் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-களால் எண்ணுகிறது. அதே போல, 100 எம்.பி.பி.எஸ். இணைய இணைப்பில் பதிவிறக்கம் நொடிக்கு 12.5 மெகாபைட்டைத் தாண்டாது. ஒன்று பிட், மற்றொன்று பைட், எட்டுக்கு ஒன்று என்பது கணக்கு.

நான் அதிகம் வாதாடியது இன்வெர்ட்டர் பற்றித்தான். ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் காற்றடித்து மரக்கிளை கம்பியில் விழுந்தால், மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் ஊழியர்கள் வந்து சரிசெய்யும் வரை சில மணி நேரம் இருட்டில் இருப்பது இந்த ஊரில் புதிதல்ல. அதற்காக 900 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர் மணி ஈய-அமில பேட்டரியும் வாங்குகிறோம். முதல் தவறு, வி.ஏ.வை வாட் என்று படிப்பது. வி.ஏ.வில் எத்தனை பங்கு வாட்டாகக் கிடைக்கும் என்று சொல்லும் பவர் ஃபேக்டரைக் கணக்கில் கொண்டால் 900 வி.ஏ. என்பது ஏறத்தாழ 700 வாட்தான். 750 வாட் மிக்ஸியைப் போட்டுச் சட்னி அரைக்க முயன்றால், அது ஓடத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்துக்கே இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிடும்.

இரண்டாவது தவறு நுட்பமானது, ஆகவே பரவலானது. 150-ஐ 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி. வீட்டுச் சுமை 400 வாட் என்றால் நான்கரை மணி நேரம் ஓடும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். பேட்டரியின் மேல் 150-க்கு அருகில் 'சி20' என்று ஒரு குறி இருக்கும். இருபது மணி நேரத்தில் நிதானமாகக் காலி செய்தால்தான் 150 கிடைக்கும் என்பது அதன் பொருள், அதாவது 7.5 ஆம்பியர், சுமார் 90 வாட் சுமை. 400 வாட் சுமை பேட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த வேகத்தில் ஈய-அமில பேட்டரி தன் கொள்ளளவில் கணிசமான பகுதியைத் தராமலே படுத்துவிடும். இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால், புது பேட்டரியே இரண்டரை மணி நேரம் தாங்கினால் நன்று. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவர்கள் பெரிய பேட்டரிக்குப் பணம் போடுவதைவிடச் சுமையைக் குறைப்பார்கள். பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் சுற்றும். இரண்டு அறை விசிறிகளை மாற்றினாலே பேட்டரியின் நேரம் கண்ணுக்குத் தெரியும் அளவு நீளும். சுமை குறையும்போது நேரம் அதே விகிதத்தில் கூடாமல், அதற்கும் மேலே கூடும் என்பது சி20 குறியின் நல்ல பக்கம்.

பேட்டரிக்கு நீர் ஊற்றுவதிலும் ஓர் எண் வந்து குழப்புகிறது. வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து 50 காட்டினால், அது தூய நீர் என்று முடிவு கட்டி பேட்டரியில் ஊற்றிவிடுகிறார்கள். குடிப்பதற்கு 50 குறைவுதான். பேட்டரிக்கு அது அதிகம். ஆவியாகப் போவது நீர் மட்டும், உப்புகள் உள்ளேயே தங்கி ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போகும். கடையில் விற்கும் வாலை வடிநீரைத்தான் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்ற வேண்டும்.

தூசும் நீரும் புகாது என்று சொல்லும் ஐ.பி.68 குறியைக் கைப்பேசியில் பார்த்து நீச்சல் குளத்துக்கு எடுத்துச் செல்வோர் இருக்கிறார்கள். அந்தச் சோதனை புதிய கருவியை, அசையாத நன்னீரில், தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்துக்கும் நேரத்துக்கும் வைத்துச் செய்யப்படுவது. குளோரின், சோப்பு, கடல் உப்பு ஆகியவற்றுக்கு அது பொறுப்பேற்காது. உள்ளிருக்கும் பசையும் ரப்பரும் வயதாக ஆகத் தளர்ந்துவிடும். நனைந்த கைப்பேசியை அரிசி டப்பாவில் புதைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அரிசித் துகள்கள் உள்ளே போய்ச் சேதம் செய்யக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் எச்சரித்தது. இரவு முழுதும் சார்ஜில் விடுவது பற்றிக் கவலைப்படுபவர்கள், சில்க் போர்டு நெரிசலில் வெயில் படும் டாஷ்போர்டில் வரைபடத்தையும் சார்ஜரையும் ஒருசேர ஓடவிடுவது பற்றிக் கவலைப்படுவதில்லை. பேட்டரியின் ஆயுளை அதிகம் தின்பது அந்த வெப்பமே.

அறிவியல் செய்திகளிலும் இதே பழக்கம் தொடர்கிறது. கைப்பேசிக் கதிர்வீச்சைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் '2பி' பிரிவில், அதாவது 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில், சேர்த்தது உண்மை. அந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்பவை, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே 2பி-யில்தான் இருக்கிறது. அதே போல *#07# அழுத்தி வரும், உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவான எஸ்.ஏ.ஆர். எண்ணைப் பார்த்து, 0.9 உள்ள கைப்பேசி 1.1 உள்ளதைவிடப் பாதுகாப்பானது என்று முடிவு செய்வதும் பிழை. இந்தியாவின் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், பெட்டியில் இருப்பது முழுச் சக்தியில் அளந்த உச்ச அளவு. டவருக்கு அருகில் இருக்கும்போது எந்தக் கைப்பேசியும் அதில் மிகச் சிறு பங்கையே வெளியிடும். லிஃப்ட்டுக்குள் சிக்னல் தேடும்போதுதான் கூட்டும்.

'ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறும் பேட்டரி' என்ற செய்தி வருடத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது. அந்தச் செல் எத்தனை கிராம், எத்தனை முறை ஏற்றி இறக்கினார்கள், எந்த வெப்பநிலையில் என்ற மூன்று கேள்விகளுக்குச் செய்தியில் விடை இல்லையென்றால், வாங்கும் திட்டத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்கு வர நெடுங்காலம் ஆகும்: விட்டிங்ஹாம் என்ற அறிவியலாளர் 1970-களில் ஆய்வுக்கூடத்தில் காட்டிய லித்தியம் பேட்டரி, குட்இனஃப், யோஷினோ ஆகியோரின் பணிகளையும் கடந்து சோனியின் விற்பனைப் பொருளாக மாறியது 1991-இல்; மூவருக்கும் நோபல் பரிசு வந்தது 2019-இல்.

வெப்பநிலை எண்ணுக்கு மயங்கியதில் நானும் ஒருவன். 2018 ஜூலையில், நம் ஊர்க்காரர்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர் இருவர், தங்கமும் வெள்ளியும் சேர்ந்த நுண்துகள்களில் 236 கெல்வினில், அதாவது மைனஸ் 37 டிகிரி செல்சியஸில், மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும், வழக்கமாக இதைவிடக் கடுங்குளிரில் மட்டும் நிகழும் மீக்கடத்துதலுக்கான அறிகுறி கண்டதாக ஆர்க்சிவ் தளத்தில் கட்டுரை இட்டனர். அந்தத் தளத்தில் வருபவை பிற வல்லுநர்கள் சரிபார்ப்பதற்கு முந்தைய வரைவுகள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று மாலை ஊர்ப் பெருமையோடு நாலு பேருக்கு அனுப்பினேன். சில வாரங்களில், எம்.ஐ.டி.யின் இயற்பியலாளர் பிரையன் ஸ்கின்னர், வெவ்வேறு காந்தப்புலங்களில் எடுத்த இரண்டு அளவீடுகளில், தற்செயலாக அமைய வேண்டிய இரைச்சல், அதாவது அளவீட்டில் வரும் சிறு ஏற்ற இறக்கங்கள், புள்ளிக்குப் புள்ளி ஒன்றுபோல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 2023 ஜூலையில் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்துதல் காட்டுவதாகச் சொல்லப்பட்ட எல்.கே.-99 என்ற பொருள் தென் கொரியாவிலிருந்து வந்தபோது, பாதி மிதக்கும் துண்டின் காணொளி உலகைச் சுற்றியது. டில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் செய்து பார்த்தும் மீக்கடத்துதல் கிட்டவில்லை, மின்தடை சட்டென்று விழுந்ததற்குத் தாமிர சல்பைடு மாசு காரணம் என்று தெரிந்தது. இம்முறை நான் யாருக்கும் அனுப்பவில்லை. பெங்களூருக் கட்டுரையின் ஆசிரியர்கள் கூடுதல் அளவீடுகளோடு திருத்திய வடிவத்தை 2019 மே மாதத்தில் வெளியிட்டார்கள். 2018-இல் நான் செய்தி அனுப்பிய நால்வரில் ஒருவரும் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டதில்லை, நானாகச் சொல்லவும் இல்லை.