கவிஞர் வீடும் கணவாயும் ஒரே நாளில் வேண்டாம்

போன அக்டோபரில் ஒரு மதியம், கிராஸ்மியர் ஊருக்கு வடக்கே மில் பிரிட்ஜ் பக்கம் கல்சுவரில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மணி இரண்டு ஆகப்போகிறது. ஒரு தம்பதி வந்து நின்று, "பேட்டர்டேலுக்கு இந்த வழிதானே?" என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணின் கையில் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த டவ் காட்டேஜில் வாங்கிய புத்தகப் பை. வீட்டை நிதானமாகப் பார்த்துவிட்டு, சூப் குடித்துவிட்டு, அப்படியே மலையைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் தூங்கப்போவதாகத் திட்டம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருஷங்களுக்கு முன்னால் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே நேரத்தில், அதே திட்டத்தோடு நின்றவன் நான்.

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வழிகாட்டி இல்லாமல், கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு எழுத்தாளர்களின் தடத்தில் நடக்க வருகிறவர்கள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜீன்ஸ் போடாதீர்கள், புது ஷூவோடு வராதீர்கள், மழைக்கோட்டை மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, மற்றத் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டாஃபடில் பூவை ஜூனில் தேடுவது

பள்ளிக்கூடத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையைப் படித்தவர்கள் கோடை விடுமுறையில் வந்து, கிராஸ்மியர் ஏரிக்கரையில் மஞ்சள் பூவைத் தேடுகிறார்கள். நேரமும் தப்பு, இடமும் தப்பு. 1802 ஏப்ரல் 15ஆம் தேதி வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டாரதியும் அந்தப் பூக்களைப் பார்த்தது அல்ஸ்வாட்டர் ஏரியோரம், கிளென்கொய்ன் பக்கத்தில். கவிதையில் அவர் தன்னந்தனியாகத் திரிவதாக வரும். உண்மையில் டாரதி கூடவே நடந்தார், பூக்கள் காற்றில் ஆடியதைத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். கவிதை அச்சில் வந்தது 1807இல்.

ஏப்ரல் முதல் பாதியில் போங்கள். பூங்காக்களில் நட்டிருக்கும் பெரிய, அடர்மஞ்சள் பூவை எதிர்பார்க்காதீர்கள். காட்டு டாஃபடில் குட்டையானது, வெளிறிய நிறம், தலை கவிழ்ந்திருக்கும்.

கிராஸ்மியரிலிருந்து ரைடலுக்குத் தார்ச் சாலையில் நடப்பது

மேலே சவப்பெட்டிப் பாதை இருக்கும்போது கீழே லாரிப் புகையில் ஏன் நடக்க வேண்டும்? அந்தக் காலத்தில் சுற்று ஊர்களில் இறந்தவர்களை கிராஸ்மியரின் புனித ஆஸ்வால்ட் தேவாலயத்துக்குத் தூக்கிவந்த வழி அது. தூக்கியவர்கள் பெட்டியை இறக்கிவைத்து இளைப்பாறிய தட்டைக் கல் இன்னும் வழியோரத்தில் இருக்கிறது. பாதை முடியும் இடத்தில் ரைடல் மவுண்ட். 1813 முதல் 1850இல் இறக்கும் வரை வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த வீடு.

எழுத்தாளர் வீட்டையும் மலைக் கணவாயையும் ஒரே நாளில் வைப்பது

இதுதான் எனக்கு இன்றும் ஆறாத தவறு. இதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

நடைப் பயணத்தை ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்கள் கொடுக்கும் குறிப்புகளில், "மூன்றாம் நாள்: கிராஸ்மியர் – பேட்டர்டேல், 13 கிலோமீட்டர்" என்று ஒற்றை வரியில் இருக்கும். பக்கத்திலேயே, "வழியில் கவிஞர் வீட்டைப் பாருங்கள்" என்றும் இருக்கும். இரண்டும் தனித்தனியே சரி. சேர்த்துச் செய்தால் ஆபத்து. எழுத்தாளர் வீடுகள் பெரும்பாலும் காலை 10 அல்லது 11 மணிக்குத்தான் திறக்கும். நேரம் குறித்த டிக்கெட் என்றால் இன்னும் தாமதமாகும். கணவாயோ உங்களை 9 மணிக்கே கிளம்பச் சொல்கிறது. வீடு எதிர்பார்க்கும் நேரமும் மலை எதிர்பார்க்கும் நேரமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்பவை.

என் கதை இது. அக்டோபர் கடைசி ஞாயிறு. டவ் காட்டேஜில் ஒவ்வொரு அறையாக நின்று பார்த்தேன். 1799 டிசம்பரிலிருந்து 1808 வரை அவர்கள் வாழ்ந்த அந்தத் தாழ்ந்த கூரை வீட்டை விட்டுக் கிளம்பவே மனம் வரவில்லை. மில் பிரிட்ஜில் ஏறத் தொடங்கும்போது மணி 1.40. தொலைபேசிச் செயலி இரண்டே முக்கால் மணி நேரம் என்றது. முந்தின நாள் ஆறு மணிக்குத்தான் இருட்டியது, அதனால் நேரம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

இதில் இரண்டு கணக்குகள் தப்பு. முதலாவது, அன்று அதிகாலைதான் பிரிட்டனில் கோடை நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போயிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசி ஞாயிறன்று இது நடக்கும். தொலைபேசி தானாகவே நேரத்தை மாற்றிக்கொண்டது. என் மனக்கணக்கு மாறவில்லை. அன்று சூரியன் மறைவது ஐந்துக்கு இருபது நிமிஷம் முன்னால். இரண்டாவது, செயலி 13 கிலோமீட்டரையும் சமதரைபோல வகுத்திருந்தது. கிராஸ்மியர் பள்ளத்தாக்கிலிருந்து கணவாயின் உச்சி வரை 500 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும்.

இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இந்த வழிக்குப் போட்டுப் பார்த்தால் மூன்றரை மணி வரும். அதுவும் பழகிய கால்களுக்கு, நிற்காமல் நடந்தால். படம் எடுக்க, தண்ணீர் குடிக்க, ஓடையைத் தாண்டும் கல்லில் தயங்கி நிற்க என்று புதியவர்கள் பாதி நேரத்தைக் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல். நான் 1.40க்குக் கிளம்பினேன்.

கணவாயைத் தொட்டபோது மணி 4.05. மேகம் தரைவரை இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் கீழே கிரிஸ்டேல் டார்ன் என்ற சின்ன மலை ஏரி இருக்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்டது, தண்ணீர் தெரியவில்லை. அந்த ஏரிக்கரையில் வழிகள் பிரிகின்றன. ஒன்று ஹெல்வெலின் மலைமேல் ஏறுகிறது, ஒன்று டன்மெயில் சாலைக்கு இறங்குகிறது, ஒன்றுதான் பேட்டர்டேல் போகிறது. எது எது என்று எனக்குத் தெரியவில்லை. தலைவிளக்கு இல்லை. அது பெரிய பையில் இருந்தது. பெரிய பையோ விடுதிக்கு விடுதி பைகளைக் கொண்டுபோகும் வேனில் ஏறி, எனக்கு முன்பே பேட்டர்டேல் போய்ச் சேர்ந்துவிட்டது.

வந்த வழியே திரும்பினேன். அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். பாதி வழியிலேயே முழு இருட்டு. தொலைபேசி வெளிச்சத்தில் ஈரப் பாறைகள்மேல் இறங்கி, முழங்காலை முறுக்கிக்கொண்டு, சாலையைத் தொட்டபோது மணி ஏழு.

அப்புறம் செலவு. பேட்டர்டேலில் தூங்காத அறைக்குப் பணம். கிராஸ்மியரில் கடைசி நேரத்தில் கிடைத்த அறைக்கு அதைவிட அதிகப் பணம். காலையில் பையை எடுக்க டாக்ஸி. ஏரி மாவட்டத்தின் பள்ளத்தாக்குகள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல நடுவிலிருந்து விரிகின்றன என்று வேர்ட்ஸ்வொர்த்தே எழுதியிருக்கிறார். ஓர் ஆரக்காலிலிருந்து அடுத்ததற்குக் கால்நடையாகத் தாண்டுவது எளிது. சாலை அப்படிப் போகாது. ஆம்பிள்சைடுக்கு இறங்கி, கிர்க்ஸ்டோன் கணவாய் ஏறி, மறுபடி இறங்க வேண்டும், ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அந்தக் கணவாய் வழியான பேருந்து ஆண்டு முழுக்க ஓடுவதில்லை. இரத்த அழுத்த மாத்திரையும் அந்தப் பையில்தான் இருந்தது. மாத்திரை, விளக்கு, விசில், ஒரு ஜோடி காய்ந்த காலுறை, கம்பளித் தொப்பி ஆகியவை எப்போதும் உங்கள் முதுகிலேயே இருக்கட்டும்.

பணம் போனது பரவாயில்லை. நான் எதற்காக அந்த வழியைத் தேர்ந்தெடுத்தேனோ அதைப் பார்க்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

கிரிஸ்டேல் டார்னிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறை இருக்கிறது. சகோதரர்கள் பிரிந்த கல் என்பார்கள். 1800 செப்டம்பர் 29ஆம் தேதி, தம்பி ஜானை வழியனுப்ப வேர்ட்ஸ்வொர்த்தும் டாரதியும் அதுவரை கூட நடந்து வந்தார்கள். ஜான் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வேலை பார்த்தவர். கிராஸ்மியருக்கு அவர் திரும்பி வரவே இல்லை. 1805 பிப்ரவரி 5ஆம் தேதி, அவர் தலைமையில் வங்காளத்துக்கும் சீனாவுக்கும் கிளம்பிய 'ஏர்ல் ஆஃப் அபர்கவென்னி' கப்பல் இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகிலேயே மூழ்கியது. அவரோடு 250 பேருக்கு மேல் இறந்தார்கள். தம்பிக்காக அண்ணன் எழுதிய வரிகள் பிற்காலத்தில் அந்தப் பாறையில் செதுக்கப்பட்டன. பிரிந்த நாளைப் பற்றி டாரதி எழுதிய குறிப்பு சில வரிகள்தான்: மனம் கனத்திருந்தது, ஆனாலும் மறுபடி பார்த்துவிடுவோம் என்றே தோன்றியது, அவன் பென்ரித் ஊர் வரைதானே போகிறான் என்று.

அந்தக் கல்லுக்கு ஒரு கிலோமீட்டர் அருகில் நின்று, மூடுபனியில் திரும்பி வந்தேன். மூன்று வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதம், காலை 8.45க்குக் கிளம்பிப் போய்த்தான் பார்த்தேன். எழுத்துகள் மழையில் மங்கிப்போயிருந்தன. விரலால் தடவித்தான் சில சொற்களைப் படிக்க முடிந்தது. முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார நேரம் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஆகவே கிராஸ்மியரில் இரண்டு இரவு தங்குங்கள். முதல் பகல் வீடுகளுக்கு: டவ் காட்டேஜ், சவப்பெட்டிப் பாதை, ரைடல், திரும்பும்போது ஏரிக்கரை. மழை பெய்தாலும் கெட்டுப்போகாத நாள் அது. இரண்டாம் பகல் முழுக்கக் கணவாய்க்கு. கிளம்பும் முன் வானிலைத் துறையின் மலைப் பகுதி முன்னறிவிப்பைப் பாருங்கள். ஊருக்கான முன்னறிவிப்பு போதாது. மேலே காற்றும் குளிரும் வேறு. மதியம் ஒரு மணிக்குள் உச்சியைத் தொட முடியாது என்று தெரிந்தால் ஏறவே ஏறாதீர்கள்.

சிக்கிக்கொண்டால் 999 அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். சிக்னல் இல்லாத இடங்கள் நிறைய. அங்கே விசில்தான்: ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை.

அந்தத் தம்பதியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சூரியன் எப்போது மறையும் என்று தெரியுமா என்று மட்டும் கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேட்டார்கள்.

வரைபடத்தில் எல்லாக் கோட்டையும் பாதை என்று நம்புவது

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில், பச்சை நிறத்தில் விட்டுவிட்டு வரும் கோடு உங்களுக்கு நடக்கச் சட்ட உரிமை உண்டு என்று மட்டுமே சொல்கிறது. தரையில் பாதை இருக்கிறதா என்பதை அது சொல்லாது. கறுப்பில் விட்டுவிட்டு வரும் கோடுதான் கண்ணால் பார்க்கக்கூடிய தடம். இரண்டும் சேர்ந்து போனால் நிம்மதி. பச்சை மட்டும் தனியாகப் போனால் சதுப்பில் தடவித் தடவி நடக்கத் தயாராக இருங்கள். கறுப்புப் புள்ளிகளாகப் போவது ஊர் எல்லை. அதைப் பாதை என்று நினைத்துச் செங்குத்துச் சரிவில் இறங்கப் பார்த்தவர்களை நானே தடுத்திருக்கிறேன்.

2000ஆம் ஆண்டு வந்த நடை உரிமைச் சட்டத்துக்குப் பிறகு மேட்டுநிலத்தின் பெரும்பகுதியில் பாதையை விட்டும் நடக்கலாம். கீழே, வேலியடைத்த வயல்களில் பாதைதான்.

கன்றோடு நிற்கும் பசு

சுற்றிப் போங்கள். நடுவில் புகாதீர்கள்.

வயல் கதவு

திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடி.

சனிக்கிழமைக்கு ஒற்றை இரவு அறை தேடுவது

பல விடுதிகள் வார இறுதியில் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தருவதில்லை. நடையை ஞாயிறன்று தொடங்குங்கள். முடியாவிட்டால் சனிக்கிழமை இரவை கிராஸ்மியரின் இரண்டு இரவுகளில் ஒன்றாக வையுங்கள்.

இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிடலாம் என்று நினைப்பது

கிராமத்து பப்பில் அதற்குள் சமையலறையை மூடிவிடுவார்கள்.

முழுக் கவிதைத் தொகுப்பைச் சுமப்பது

பைக்குக் கனம், பயன் குறைவு. இந்த ஊர்களுக்கு டாரதியின் கிராஸ்மியர் நாட்குறிப்பைக் கொண்டுவாருங்கள். 1800 மே மாதம் தொடங்கி 1803 ஜனவரி வரை போகிறது. எந்தச் சந்தில் யார் பிச்சை கேட்டு வந்தார், எந்த மரத்தடியில் மழைக்கு ஒதுங்கினார்கள், அன்று அடுப்பில் என்ன சுட்டார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. மறுநாள் நடக்கப்போகும் இடத்துக்கான பக்கங்களை முந்தின இரவே படித்துவிடுங்கள். நடக்கும்போது புத்தகத்தைத் திறக்க மழை விடாது.