பழைய லொறிக்காரர்களின் கதையைக் கேட்டு எழுதிவைப்பது எப்படி

இலங்கை மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் துரையை எழுதுகிறார்கள், கங்காணியை எழுதுகிறார்கள், கொழுந்தெடுத்த பெண்களை எழுதுகிறார்கள். அந்தத் தேயிலையை ஸ்டோரில் (தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில்) ஏற்றி கினிகத்தேனை இறக்கத்தில் இறக்கிக் கொழும்பில் சேர்த்த டிரைவர், கிளீனர் பற்றி நான் வாசித்தது மிகக் குறைவு. அந்த மனிதர்களில் பலர் இப்போது எழுபது எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் குடும்பத்திலோ லயத்திலோ (தோட்டத்து வரிசை வீடுகளிலோ) டவுன் பக்கத்திலோ அப்படி ஒருவர் இருந்தால் இந்த மாதமே உட்கார்ந்து கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் யாரிடம் போவது? எல்லாரும் நேரே முதலாளி வீட்டுக்குப் போவார்கள், ஏனென்றால் கம்பனியின் பெயர் அங்கேதான் இருக்கிறது. போகலாம், ஆனால் அது கடைசி. முதலாளி வீட்டில் கிடைப்பது எத்தனை லொறி, எப்போது வாங்கியது, எப்போது விற்றது என்ற கணக்கு. பாதையின் கதை டிரைவரிடம் இருக்கிறது, அதைவிட அதிகமாக கிளீனரிடம் இருக்கிறது. ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் கட்டையோடு குதித்து டயருக்கு அடியில் போட்டவர் அவர்தான், லோட்டுக்கு மேல் படங்கு (தார்ப்பாய்) கட்டியவரும் பீலியில் தண்ணீர் பிடித்து ரேடியேட்டருக்கு ஊற்றியவரும் அவர்தான். டிரைவர் வயதில் மூத்தவராக இருந்திருப்பார், கிளீனர் பொடியனாக இருந்திருப்பார், அதனால் இன்றைக்கு உயிரோடு இருக்க வாய்ப்பும் கிளீனருக்குத்தான் அதிகம். அப்புறம் கராஜ் பாஸ்மார், அதாவது வண்டி திருத்துகிறவர்கள். எந்த வண்டி எந்தத் தோட்டத்துக்கு ஓடியது, எதற்கு எப்போதும் பிரேக் கோளாறு என்று அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

தமிழரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். தோட்டத்து லொறியில் நம் ஆட்கள் இருந்தார்கள் என்றால் டவுன் லொறிகளில் முஸ்லிம்களும் சிங்களவர்களும் இருந்தார்கள், ஒரே கடையில் தேநீர் குடித்துவிட்டு ஒரே பாதையில் ஓடினார்கள். நானா என்றோ மாத்தயா என்றோ கூப்பிட்டு அவர்களுக்கு வசதியான மொழியிலேயே பேசவிடுங்கள். உங்களுக்குச் சிங்களம் தடுமாறினால் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தீர்கள் தாத்தா?" என்று ஆரம்பித்தால் அவர் யோசித்துக் களைத்துப்போவார், நீங்களும் ஒரு தவறான வருஷத்தை எழுதிக்கொண்டு வருவீர்கள். பாதையைக் கேளுங்கள். "ஹட்டனில் லோட் ஏற்றியாச்சு, இனி கொழும்பு வரைக்கும் ஒவ்வொரு இடமாகச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை, கரவனல்லை, அவிசாவளை என்று அவர் இறங்கிக்கொண்டே போவார், எந்த முடக்கில் (வளைவில்) எதிர்வண்டிக்கு ஒதுங்க இடம் இருந்தது, எந்த இறக்கத்தில் எந்தக் கியரைவிட்டு மாறவே கூடாது, எந்தக் கடையில் இரவு இரண்டு மணிக்கும் சோறு கிடைத்தது என்று ஒவ்வொன்றாக வரும். நுவரெலியாக்காரர் என்றால் லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை, கம்பளை, கடுகண்ணாவை. அப்புத்தளைக்காரர் என்றால் பெரகலை, அல்துமுல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்த வழிக்குள் உயரமான லோட்டோடு எப்படிப் போனார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். றம்பொடையில் இப்போது இருக்கும் சுரங்கப்பாதை அவர்கள் காலத்தில் இல்லை, அதற்கு முன்பு அந்த இடம் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள்.

அவர்கள் தூரத்தை மைலில்தான் சொல்வார்கள், இடத்தை மைல் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். அதைக் கிலோமீட்டராக மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். தோட்டப் பெயரும் அப்படித்தான். ஆபீஸில் ஒரு ஆங்கிலப் பெயர், நம் சனத்துக்குள் ஒரு தமிழ்ப் பெயர், பக்கத்துக் கிராமத்தில் ஒரு சிங்களப் பெயர் என்று இருக்கும், மூன்றையும் குறித்துக்கொள்ளாவிட்டால் பின்னால் வாசிக்கிறவருக்கு எந்தத் தோட்டம் என்றே புரியாது. சில இடங்களை நீங்கள் வரைபடத்தில் தேடியும் காணமாட்டீர்கள். காசல்ரீ நீர்த்தேக்கமும் மவுசாகலை நீர்த்தேக்கமும் 1960களில் வந்தவை, பழைய மஸ்கெலியா டவுன் மவுசாகலைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் வந்தது. ஆகவே ஒருவர் சொல்லும் பாதை இன்றைய பாதையோடு பொருந்தவில்லை என்றால் அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள், பாதையே முழுகிப்போயிருக்கலாம்.

சரி, காலத்தை எப்படிப் பிடிப்பது? பெரிய சம்பவங்களைக் கொண்டு பிடிக்கலாம். 1971 ஏப்ரல் ஜேவிபி கிளர்ச்சியின்போது போட்ட ஊரடங்குக்கு முன்னாலா பின்னாலா? சிறிமாவோ ஆட்சியில் அரிசி கொண்டுபோகவிடாமல் ரோட்டில் தடை போட்டார்களே, ஹால் பொல்ல என்பார்கள், அப்போது லொறி ஓட்டினாரா? 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட்டபோது ஜப்பான் லொறிக்கு மாறினாரா? அந்த 70களின் பஞ்ச காலத்தில் ஸ்பெயார் பாட்ஸ் கிடைக்காமல் வண்டியை எப்படி ஓடவைத்தார்கள் என்ற ஒரே கேள்விக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பதில் வரும். ஒரு வண்டியின் சாமானைக் கழற்றி இன்னொன்றுக்குப் பொருத்திய கதைகள் அப்போதுதான் வெளியே வரும். வீட்டு அம்மாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். "அந்த பெட்போர்ட் லொறி வந்தப்போ மூத்தவள் கைக்குழந்தை" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் வருஷம் கிடைத்துவிடும்.

போட்டோ இருந்தால் இன்னும் சுலபம். நம்பர் தகட்டைப் பாருங்கள். வெறும் ஆங்கில எழுத்தும் இலக்கமும் இருந்தால் பெரும்பாலும் 1950களின் பிற்பகுதிக்கு முந்தின பதிவு, நடுவில் சிங்கள ஸ்ரீ இருந்தால் அதற்குப் பிந்தினது. அந்த ஸ்ரீ எழுத்தை எதிர்த்து 1958இல் தார் பூசிய போராட்டம் மலையகத்துக்கும் வந்தது, ஆகவே அந்த வருஷம் வண்டி ஓட்டியவருக்குத் தகடு என்றதும் சொல்ல நிறைய இருக்கும். அப்புறம் வண்டியின் முகம். டாட்டா தன் முதல் லொறியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தது 1961இல், அதுவும் நம் நாட்டுக்கு. 1969 வரைக்கும் டாட்டாவின் முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது, அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகு வந்த வண்டிகளில் டாட்டாவின் சொந்த அடையாளம்தான். பெட்போர்ட் என்றால் மூக்கு நீண்டிருக்கிறதா, முகம் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். தட்டை முக டீகே மாடல் 1960இல்தான் வந்தது, அதில் எஞ்சின் சீட்டுக்குப் பின்பக்கம் இருக்கும். ஆனால் இங்கே ஒரு லொறியை இருபது முப்பது வருஷம் ஓட்டுவார்கள், அதனால் மாடல் வந்த வருஷத்தைப் போட்டோ எடுத்த வருஷமாக எழுதிவிடாதீர்கள். போட்டோ அதற்கு முந்தினதாக இருக்க முடியாது, அவ்வளவுதான் அது சொல்கிறது.

கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிப்போன படத்தை எக்காரணம் கொண்டும் பிய்க்க வேண்டாம். நம் ஊர்ப் பனிக்கும் ஈரத்துக்கும் படத்தின் முகம் கண்ணாடியோடேயே உரிந்து வந்துவிடும். சட்டத்தோடு வாசலுக்குக் கொண்டுபோய், வெயில் நேரே படாத நிழலில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து போனில் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதிலிருந்தும் ஒரு தடயம் கிடைக்கும். வேறு கடதாசிகளும் கேளுங்கள். பழைய லைசன்ஸ், சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கடிதம். ஈபிஎஃப் சட்டம் 1958இல் வந்தது, அந்தக் கடிதத்தில் வேலை கொடுத்தவரின் பதிவுப் பெயர் இருக்கும். ஊரில் முதலாளியின் பட்டப்பெயரால் மட்டும் தெரிந்த ஒரு லொறிக் கம்பனிக்கு உண்மையான பெயர் என்ன என்று அதில்தான் பல நேரம் தெரியவரும்.

லோட்டைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. பலகைப் பெட்டிக் காலத்தில் பெட்டியின் பக்கத்தில் தோட்டத்தின் மார்க், பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் என்று தரம், இன்வொய்ஸ் நம்பர், நிறை எல்லாம் மையில் அச்சடித்திருப்பார்கள். எத்தனை அடுக்கு அடுக்கினார்கள், மழையில் படங்கு ஒழுகினால் யார் பொறுப்பு, ஒரு பெட்டி உடைந்தால் யார் சம்பளத்தில் பிடித்தார்கள்? திரும்பி வரும்போது என்ன ஏற்றினார்கள்? அரிசி, மா, உரம் என்று சொல்வார்கள், தோட்டம் அந்த அரிசிக்காகக் காத்திருந்த நாட்களையும் சேர்த்துச் சொல்வார்கள். மரக்கறி லொறிக்காரரின் கதை முற்றிலும் வேறு. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் பின்னேரம் ஏற்றி விடிய முன், அப்போது கொழும்பு புறக்கோட்டையில் இருந்த மெனிங் சந்தையில் நிற்க வேண்டும், பிந்தினால் விலை போய்விடும். தூக்கத்தை எப்படி வென்றார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். ஸ்டேஷனுக்குப் பெட்டி ஏற்றிய வேலையையும் விட்டுவிடாதீர்கள், நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஓடிய சின்ன ரயில் 1940களில் நின்றது, அதைக் கண்ட தகப்பனின் கதையாவது யாருக்காவது தெரிந்திருக்கும்.

சில விஷயங்களை நீங்களாகக் கிளறக் கூடாது. 83 கலவரத்தில் லொறி எரிந்தவர்கள் இருக்கிறார்கள், பள்ளத்தில் விழுந்த வண்டியில் கூட்டாளியைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், ரெக்கோர்டரை நிறுத்தவா என்று கேளுங்கள், அந்தப் பகுதியை அவர் சம்மதம் இல்லாமல் எங்கேயும் போடாதீர்கள். செத்தவர்களின் பெயரை அவர்களின் குடும்பத்தைக் கேட்காமல் எழுதவே வேண்டாம்.

மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்களையும் மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் இன்னமும் நம் சனம் இருக்கிறது, இங்கே கிளீனராக இருந்த ஒருவர் அங்கே யாருக்கோ தாத்தாவாக உட்கார்ந்திருப்பார். சொந்தக்காரர் மூலம் வாட்ஸ்அப்பில் பிடியுங்கள், பாதைப் பெயர்களை நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், மிச்சத்தை அவர் சொல்வார்.

எல்லாம் முடிந்த பிறகு, சொன்ன பேச்சை அவர் பேசிய மாதிரியே எழுதுங்கள், இலக்கணம் திருத்த வேண்டாம். கோப்பின் பெயரில் ஊர், பாதை, பதிவு செய்த திகதி மூன்றையும் போடுங்கள். எழுதியதை ஒருமுறை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள், அப்போதுதான் விடுபட்ட இரண்டு முடக்கும் ஒரு கூட்டாளியும் நினைவுக்கு வருவார்கள். ஒரு பிரதியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அவர் வீட்டில் கொடுங்கள், இன்னொன்றை, அவருக்குச் சம்மதம் என்றால், இலங்கைத் தமிழரின் நூல்களையும் ஆவணங்களையும் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்தின் டிஜிட்டல் தளத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், போனில் மட்டும் வைத்திருந்தால் போன் உடைகிற அன்றைக்கு எல்லாம் போய்விடும்.