பசிக்கிற நேரத்தில் ஒரு குறள் வெண்பா: முதன்முறை எழுதுபவர்களுக்கு

எனக்குப் பிடித்தவை மூன்று: பாட்டு, சாப்பாடு, வெண்பா. முதல் இரண்டுக்கும் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மூன்றாவதைச் சொன்னால்தான் பள்ளிக்கூட இலக்கண வகுப்பு ஞாபகம் வந்து பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். கொஞ்சம் உட்காருங்கள். இரண்டே அடி, ஏழே சீர். திருக்குறளின் 1330 குறளும் இந்த அச்சில் வார்த்தவைதான்.

முதலில், சொல்ல வந்ததைச் சாதாரணப் பேச்சில் எழுதிவிடுங்கள். என்னுடையது இது: ‘நல்ல பாட்டு கேட்டால் பசி தெரியாது. பாட்டு முடிந்ததும் மறுபடியும் பசிக்கும்.’ பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. முதல் வெண்பாவுக்கு இது போதும். காதல், மரணம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது அசை பிரிப்பது. சொல்லை ஓசைப்படி வெட்டினால் கிடைக்கும் சிறு துண்டுதான் அசை. அது இரண்டே வகை. தனிக்குறிலோ நெடிலோ, ஒற்றோடு வந்தாலும் வராவிட்டாலும், நேர். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ சேர்ந்து வந்தால் நிரை. இங்கேயும் பின்னால் ஒற்று வந்தால் கணக்கில்லை. ‘கடல்’ ஒரே நிரை. ‘நிலா’வும் அப்படியே. ஆனால் ‘பாடல்’ நிரை இல்லை, பா/டல் என்று இரண்டு நேர். நெடில் முன்னால் வந்தால் அது அடுத்த எழுத்தோடு கூட்டுச் சேராது. புதிதாக எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

அசைகள் சேர்ந்தால் சீர். நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம். இந்த நான்கின் பின்னால் இன்னொரு நேர் சேர்ந்தால் தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய். வெண்பாவின் நடுவில் இந்த எட்டுக்கு மட்டுமே இடம். கடைசிச் சீர் மட்டும் தனி ஜாதி: நாள் (நேர்), மலர் (நிரை), காசு, பிறப்பு (நேர் அல்லது நிரையோடு ஓர் உகரம்) என்ற நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு கைகோர்க்கும் விதம். மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே வரி: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். மா, விளம், காய் என்பவை சீரின் பெயர் முடியும் விதம்; நிரை, நேர் என்பவை அடுத்த சீரின் முதல் அசை. இங்கே ‘முன்’ என்றால் ‘அடுத்து’ என்று பொருள். எனக்கு இது புரிவதற்கே ஒரு வாரம் ஆனது!

சரி, என் வாக்கியத்தை இந்த வாய்பாட்டுக்குள் தள்ளிப் பார்ப்போம்.

‘நல்ல பாட்டு’ என்று தொடங்கினேன். நல்/ல தேமா. மா முன் நிரை வர வேண்டும், ஆனால் வந்திருப்பது ‘பாட்’ என்ற நேர். தளை தட்டுகிறது. ‘நல்லபாட்டு’ என்று ஒட்டினால் கூவிளங்காய் ஆகித் தப்பிக்கலாம்தான். ஆனால் யோசித்தால், பசியையே மறக்கடிக்கிற பாட்டை நல்ல பாட்டு என்று தனியாகச் சொல்வானேன்? ‘நல்ல’வை வெட்டினேன். ‘பாட்டொன்று கேட்டால்’ என்று மாற்றினேன். பாட்/டொன்/று தேமாங்காய், அடுத்து ‘கேட்’ நேர். பொருந்திவிட்டது.

‘கேட்டால்’ தேமா, அதனால் அடுத்தது நிரை. ‘பசி’ நிரைதான், ஆனால் ஓரசையாக நிற்கிறது. ஓரசைச் சீருக்குக் கடைசியில்தான் அனுமதி. ‘பசிமறக்கும்’ என்று சேர்த்தால் பசி/மறக்/கும், கருவிளங்காய். அடுத்து நேர் வேண்டும்: ‘பாட்டு நின்றால்’. இதைப் பிரித்து எழுதினால் தேமாவை அடுத்து நேர் வந்து மறுபடி தட்டும். சேர்த்தால் பாட்/டுநின்/றால், கூவிளங்காய். முதல் அடி முடிந்தது. முதல் சீரில் ‘பா’, மூன்றாவதில் ‘ப’. சீர்களின் முதல் எழுத்து ஒத்துவரும் மோனையும் தானாக அமைந்துவிட்டது.

இரண்டாம் அடியில்தான் மாட்டிக்கொண்டேன். ‘மறுபடியும் பசிக்கும் வயிறு’ என்று எழுதி வைத்திருந்தேன். முன்னால் நிற்பது காய், ஆகவே நேர் வேண்டும். ‘மறு’ நிரை. சரி, ‘மீண்டும்’ போட்டால்? மீண்/டும் தேமா, தளை சரி. ஆனால் எதுகை இல்லை. முதல் அடியில் இரண்டாம் எழுத்து ‘ட்’ என்றால் இந்த அடியிலும் ‘ட்’ வர வேண்டும், முதல் எழுத்தும் அங்கே போலவே நெடிலாக இருக்க வேண்டும். கூட்டும், ஊட்டும், காட்டும் என்று வரிசையாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனபோது ‘மீட்டும்’ வந்து நின்றது. மறுபடியும் என்று பொருள் தரும் பழைய சொல். வீணை மீட்டுவதையும் நினைவூட்டுகிறது. பாட்டைப் பற்றிய வெண்பாவில் இதைவிட என்ன வேண்டும்? எதுகை துரத்தியிருக்காவிட்டால் இந்தச் சொல் எனக்குத் தோன்றியே இருக்காது.

பாட்டொன்று கேட்டால் பசிமறக்கும், பாட்டுநின்றால்
மீட்டும் பசிக்கும் வயிறு.

மீட்/டும் தேமா, அடுத்து நிரை. பசிக்/கும் புளிமா, அடுத்து நிரை. வயி/று நிரையோடு உகரம், பிறப்பு. தட்டவில்லை.

எழுதியதும் காகிதத்தை வைத்துவிட்டு இரண்டு முறை உரக்கப் படியுங்கள். வெண்பாவின் ஓசைக்குச் செப்பலோசை என்று பெயர். ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வதுபோல நடக்கும். தளை தட்டும் இடத்தில் நாக்கு தானாகவே தடுக்கும். கொஞ்ச நாள் பழகினால் அசை பிரிப்பதற்கு முன்பே காது காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது உங்கள் முறை. ஈற்றடியை நானே தருகிறேன்: ‘கூட்டும் பசியை இசை’. நான் சொன்னதற்கு நேர் எதிரான கட்சி. இதற்கு நாலு சீரில் முதல் அடி எழுதுங்கள். ‘கூட்’ நேர், ஆகவே உங்கள் நாலாவது சீர் விளமாகவோ காயாகவோ முடிய வேண்டும். தொடங்குவதற்கு ‘நாட்டம்’, ‘கேட்டதும்’, ‘பாட்டிலே’ என்று ஏதாவது எடுத்துக்கொள்ளலாம். ‘நாட்டம்’ எடுத்தால் மட்டும் கவனம், அது தேமா.