அமெரிக்க ராணுவ விமானக் குறியீட்டைப் படிப்பது எப்படி, அது ஏன் குளறுபடியாகிறது

முதலில் சிறுகோட்டைக் கண்டுபிடியுங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள எழுத்துகளைக் கோட்டிலிருந்து பின்னோக்கி, அதாவது வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வலப்பக்கத்தை வழக்கம்போல் படிக்கலாம். திசை மாறினால் பொருளும் மாறிவிடும்.

என்கேசி-135ஏ என்பதை எடுத்துக்கொள்வோம். கோட்டை ஒட்டிய 'சி' அடிப்படைப் பணி: போக்குவரத்து. அதற்கு முந்தைய 'கே' பிறகு சேர்ந்த பணி: வானில் எரிபொருள் நிரப்புதல். முதலில் நிற்கும் 'என்' நிலைக்குறி: சோதனைக்காக நிரந்தரமாக மாற்றியமைத்த விமானம், பழைய வடிவத்துக்குத் திரும்பாது. முன்மாதிரி விமானமாக இருந்தால் அந்த இடத்தில் 'ஒய்' வரும். 135 வடிவமைப்பு எண்; 'ஏ' முதல் வகை. அடுத்தடுத்த வகைகள் பி, சி என்று போகும். 1, 0 எண்களோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ இரண்டும் கிடையாது. உதிரிபாகம் தேடுபவருக்கு இதுவும் போதாது. எஃப்-16சி என்ற ஒரே பெயரில் வெவ்வேறு என்ஜினும் மின்னணுக் கருவிகளும் கொண்ட விமானங்கள் உண்டு. பிளாக் (தயாரிப்புத் தொகுதி) 30-ஆ, 50-ஆ என்று பார்த்தே ஆகவேண்டும்.

எழுத்தின் பொருளை இடம்தான் தீர்மானிக்கிறது. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஹெச்ஹெச்-60 என்பதில் கோட்டை ஒட்டிய 'ஹெச்' ஹெலிகாப்டர், முன்னால் உள்ள 'ஹெச்' தேடல்-மீட்பு. விசி-25-இல் 'வி' முக்கியப் பிரமுகர் பயணத்தைக் குறிக்கும். வி-22-இல் செங்குத்தாக எழும்பும் விமானம். எம்க்யூ-9-இல் 'க்யூ' ஆளில்லா விமானம் என்ற இனத்தையே சொல்கிறது. க்யூஎஃப்-16-இல் அது ஆளில்லா இலக்காக மாற்றிய பழைய எஃப்-16.

படைகளின் தனித்தனிக் குறியீடுகளை ஒன்றாக இணைத்த இந்த முறை 1962 செப்டம்பர் 18-இல் வந்தது. அதற்கு முன் ஒரே ஃபேன்டம் போர் விமானம் கடற்படையில் எஃப்4ஹெச், விமானப்படையில் எஃப்-110. கடற்படைப் பெயரில் 'ஹெச்' என்பது மெக்டானல் நிறுவனம், 4 அதன் நான்காவது போர் விமானம். இணைப்புக்குப் பிறகு இரண்டும் எஃப்-4 ஆயின. ஹெச்யூ-1 ஹெலிகாப்டர் யூஹெச்-1 ஆனது, ஆனால் பழைய எழுத்துகளிலிருந்து பிறந்த 'ஹியூயி' என்ற செல்லப்பெயர் மட்டும் போகவில்லை. போர் விமானங்களுக்கும் (எஃப்) குண்டுவீச்சு விமானங்களுக்கும் (பி) எண் மறுபடி 1-இலிருந்து தொடங்கியது. ஆனால் பி-52, சி-130 போன்றவை பழைய எண்ணையே வைத்துக்கொண்டன. இரண்டு வரிசை அருகருகே நின்றதால் முதல் குளறுபடி தொடக்கத்திலேயே விதைக்கப்பட்டுவிட்டது.

புதிய விமானத்துக்கு விதிப்படி பெயர் வைப்பது சுலபம். படை கோரிக்கை அனுப்பும். அடிப்படைப் பணியின் எழுத்துக்கு அடுத்த வெற்று எண் கிடைக்கும். வடிவமைப்பு அடியோடு மாறாதவரை எண் மாறாது, வகை எழுத்து மட்டும் நகரும். நடப்பது வேறு. எஃப்-23-க்கு அடுத்து எஃப்-24 வந்திருக்க வேண்டும். 2001-இல் தேர்வுப் போட்டியில் வெற்றி பெற்ற எக்ஸ்-35 சோதனை விமானத்தின் எண்ணை அப்படியே ஒட்டி எஃப்-35 என்று அறிவித்துவிட்டார்கள். பி-2-க்கு அடுத்தது பி-3 அல்ல, பி-21, 21-ஆம் நூற்றாண்டாம்! 2025-இல் அறிவித்த எஃப்-47-க்கு பழைய பி-47 (P-47) போர் விமானம், விமானப்படை உருவான 1947, 47-ஆவது அதிபர் என்று மூன்று காரணம் சொன்னார்கள். ஒரு எண்ணுக்கு மூன்று காரணம் தேவைப்படும்போதே அது வரிசைப்படி வரவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

ரகசியமும் கெடுக்கும். யூ-2-இன் 'யூ' பொதுப் பயன்பாடு. உளவு விமானத்துக்கு அது முகமூடி. தரை இலக்குகளைக் குண்டுவீசித் தாக்கிய எஃப்-117-க்குப் போர் விமான எழுத்தும், கைவிட்ட பழைய வரிசையின் எண்ணும் கிடைத்தன. எஸ்ஆர்-71 உளவு விமானத்தின் 'எஸ்' விதிப்படி நீர்மூழ்கி எதிர்ப்பு. 71 என்ற எண்ணோ பி-70-க்கு அடுத்த குண்டுவீச்சு வரிசை எண்.

பணம் கெடுப்பது இன்னும் நுட்பம். எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட் போர் விமானத்தின் இறக்கைப் பரப்பு பழைய ஹார்னெட்டைவிட 25% அதிகம். ஏறத்தாழ வேறு விமானம். ஆனாலும் ஈ, எஃப் என்ற வகை எழுத்துகளோடு நின்றது. 'பழையதின் மேம்பாடு' என்றால் நிதி ஒப்புதல் எளிது. எஃப்/ஏ-18-இல் உள்ள சாய்கோட்டுக்கும் விதியில் இடமில்லை. முறைப்படி எழுதினால் எஃப்ஏ-18.

வெளிநாட்டுக்கு விற்கும் விமானத்தில் அமெரிக்க விதியைத் தேடாதீர்கள். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் இந்தியக் கடற்படை இயக்குவது பி-8ஐ (P-8I) கடல் ரோந்து விமானம். 'ஐ' விலக்கப்பட்ட எழுத்தாயிற்றே என்று குழம்ப வேண்டாம்: அமெரிக்கக் கடற்படையிடம் இருப்பது பி-8ஏ, இங்கே உள்ள 'ஐ' இந்தியா.